எல்க்குக்குக் காத்த துடக்கு

என் கணவர் கனடாவில் பார்த்த வேலையை நானும் மகளும் இருந்த வெள்ளவத்தையில் நான் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. பண்ணை வேலை என்பேன். பண்ணைதான், ஆனால் பாலுக்கோ இறைச்சிக்கோ இல்லை. உயரமான கம்பிவேலிக்குள் எல்க் வளர்த்தார்கள். எங்கள் காட்டு மரையைவிடப் பெரிய மான். கொம்பு நன்றாக வளர்ந்ததும் பணக்காரர்கள் வந்து சுட்டு, தலையைச் சுவரில் மாட்டக் கொண்டுபோவார்கள். ஒருகொடவத்தைக் கண்டெய்னர் யார்ட்டில் கிளார்க்காக இருந்த மனிதர் அங்கே அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அந்த முதலாளி கொடுக்கும் கடிதத்தில்தான் எங்கள் விசாவே தொங்கிக்கொண்டிருந்தது. படிவம் போகுமுன் மகளுக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டால் அவளை எங்களோடு சேர்க்கமாட்டார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை நான் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது வீடியோ கோல் எடுத்தார். முகமே சரியில்லை. சுட வந்தவன் காத்துக்கொண்டிருக்க, கிழட்டு எல்க் ஒன்று மரங்களை விட்டு வெளியே வராமல் நின்றதாம். அதைக் கூப்பிடும்படி முதலாளி இவரிடம் சொன்னாராம். தீனி போடும்போது கூப்பிடுகிற மாதிரியே ‘பா, பா’ என்றாராம், நாங்கள் மாட்டைக் கூப்பிடுவோமே, அப்படி. அது நேரே இவரிடம் வந்ததாம். வந்த இடத்திலேயே சுட்டார்களாம்.

நான் போஞ்சி நறுக்குவதை நிறுத்தவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. விசாப் படிவத்தில் கையெழுத்து வைத்தாச்சா என்று கேட்டேன்.

முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கப்போவதாகச் சொன்னார். சவரம் இல்லை, சாமி கும்பிடுவதில்லை, நல்ல காரியம் எதிலும் கை வைப்பதில்லை, படிவம் உட்பட. எனக்கு விசர்க் கோபம் வந்தது. செத்த வீட்டுக்காரர் காக்கிற துடக்கை மிருகத்துக்கு யாராவது காப்பார்களா?

“உங்கட அப்பா செத்ததுக்கே லீவு இல்லையெண்டு நீங்கள் துடக்குக் காக்கேல்லை,” என்றேன்.

“அதுக்கும் சேர்த்துத்தான்,” என்றார்.

மகளைக் கூப்பிட்டு ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அவள் அழுவாள், அவர் தாங்கமாட்டார் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் சவரம் செய்து, படிவத்துக்குப் படம் எடுத்து, கையெழுத்து வைத்து அனுப்பினார். சில மாதங்களில் விசா வந்தது, மகளுக்கும் சேர்த்து. அன்று அவருடைய குரலில் சந்தோஷம் இருக்கவில்லை. என்னுடையதிலும் இருந்திருக்காது.

“இனி இந்த வேலையை விடட்டோ?” என்று கேட்டார்.

“நாங்கள் வந்து இறங்குமட்டும் பொறுங்கோ,” என்றேன்.

ஓம் என்றார். வெள்ளிக்கிழமை சுடுவதற்கு இன்னொருவன் வருகிறானாம். மிருகத்தைக் கூப்பிட இவரைத்தான் நிற்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

“கூப்பிடுங்கோ,” என்றேன்.