இடது முழங்கால்

ஞாயிறு காலை, மொன்றியலில் லவாலுக்குப் போகும் மெட்ரோ ரயிலில் என்னைவிட உயரமான இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த மரியாம்பிள்ளை அண்ணை, பூசைக்குப் போகும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார்.

"என்ன அன்ரன், இண்டைக்குப் பூசை இல்லையோ?"

"பின்னேரப் பூசைக்கு வாறன் அண்ணை."

"ரெண்டு காலோடையும் வந்தால் சரி."

நான் பழகுவது டெலிமார்க் என்ற பனிச்சறுக்கு முறை. இதில் காலணியின் நுனி மட்டுமே பலகையோடு பூட்டப்படும், குதிகால் எழும்பும். திரும்பும்போது வெளிப்புறக் கால் முன்னே போக, உட்புறக் கால் பின்னே நின்று முழங்கால் மடிந்து தாழ வேண்டும். மொன்றியலுக்கு வந்து பல வருடங்கள் பனியை அள்ளி எறிய மட்டுமே தெரிந்திருந்த என்னை இதற்கு இழுத்துவந்தவன் அலுவலக நண்பன் லூக். மார்ச்சில் அவனுடைய குழு கஸ்பேசி மலைகளுக்குப் போகிறது. கெட்ட பனியில் இறங்கத் தெரியாதவருக்கு அங்கே இடமில்லை. என்னைச் சேர்ப்பதா என்று அன்றைக்குச் சொல்வதாக இருந்தான்.

லவாலில் இருந்து லூக்கின் காரில் போய்ச் சேர்ந்த லொரான்சியன் மலைச்சரிவில் கிடைத்ததும் கெட்ட பனிதான். முந்தின நாள் இளகி, இரவில் உறைந்தது. மேலே உறைந்த பொருக்கு, கீழே மாவுபோல் உதிரும் பனி. வலப்பக்கம் ஒழுங்காகத் திரும்பினேன். இடப்பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் விழுந்தேன்.

லூக் பக்கத்தில் வந்து நின்றான். எங்கள் பேச்சு பிரெஞ்சில்தான். "ஏன் எப்பவும் இடப்பக்கம்? நிண்ட இடத்திலையே ரெண்டு முழங்காலையும் மாறி மாறி மடிச்சுக் காட்டு."

காட்டினேன். வலது முழங்கால் நேராக நிலம்வரை தாழ்ந்தது, இடது பாதியிலேயே தடுமாறியது. சிரிப்பில் அவனும் விழப் பார்த்தான். "இது கோயில் முழங்கால்! நானும் சின்னனிலை பூசைக்கு உதவின பெடியன்தான்." அவன் கோயில் வாசலை மிதித்துப் பல காலம், ஆனாலும் கண்டுபிடித்துவிட்டான்.

யாழ்ப்பாணத்தில் ஞானோபதேச வகுப்பில், ஒரு காலில் மண்டியிடப் பழக்கும்போது எங்களுக்குச் சொன்னது இது: வலது முழங்கால் ஆண்டவருக்கு, இடது முழங்கால் அரசர்களுக்கு. எனக்கு அரசர் எவரும் வாய்க்கவில்லை. தாழ்ந்துகொண்டே உடம்பைத் தாங்க என் வலது காலுக்குப் பழக்கம்; இடது காலுக்கு இல்லை. ஆகவே இடப்பக்கம் திரும்புகையில் பாரம் முழுவதையும் முன்காலில் போட்டேன். முன்பலகை பொருக்கை உடைத்துப் புதைந்தது. பாரமில்லாத பின்பலகை பொருக்கின் மேலே தன் பாட்டில் ஓடியது.

"பாதிப் பாரம் இடது காலுக்குக் குடு," என்றான். "ரெண்டு பாதமும் கிட்ட இருக்கட்டும். முழங்காலை நிலத்திலை ஊண்டாதை, இங்கை பீடம் ஒண்டும் இல்லை."

அடுத்த திருப்பத்தில் இரண்டு பலகைகளும் ஒன்றாகப் பொருக்கை உடைத்தன, ஒரே சத்தம். இடது முழங்கால் பனியை உரசிக்கொண்டு போக, விழாமல் திரும்பினேன். பிறகு வலம், மறுபடி இடம், அடிவாரம் வரை.

லூக் கையுறையைக் கழற்றிக் கை தந்தான். "மார்ச்சிலை காலமைக் கோப்பி உன்ரை பொறுப்பு."

அவனே காரில் கோயிலடியில் இறக்கிவிட்டான், உள்ளே வரவில்லை. வாசலில் நின்ற மரியாம்பிள்ளை அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓம், ரெண்டும் இருக்கு."

பலிபீடத்தைப் பார்த்து வலது முழங்காலை நிலத்தில் ஊன்றினேன். மடிந்து முன்னே நின்ற இடது முழங்காலில் லொரான்சியன் பனியின் ஈரம் இன்னும் காயவில்லை.