மாவுக்கு வந்த மதிப்பெண்

இன்று காலை, நாங்கள் குடியிருக்கும் வடக்கத்திய ஊரான போபோடியில் செல்வி அக்காவின் கடைக்கு இட்லி மாவு வாங்கப் போனேன். அங்கேயே அரைத்து விற்பவர். எட்டு மணிக்கே தீர்ந்துவிடும் மாவு, இன்று பாத்திரம் நிறைய அப்படியே இருந்தது.

"எதிர்க்கடை பாக்கெட்டுல பச்சை இலை போட்டு 'ஏ'ன்னு மார்க்கு இருக்காம் தம்பி. பூமிக்குக் கெடுதல் கம்மியாம். எல்லாரும் அங்கதான் போறாங்க."

போய்ப் பார்த்தேன். ஊருக்கு வெளியே வெகுதூரத்தில், சாகணைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் அரைத்து, குளிர்பதன லாரியில் வந்த மாவு. 'ஏ' கொடுத்தது யார் என்று கேட்டேன். கம்பெனியேதான் என்று கடைக்காரர் இந்தியில் பெருமையாகச் சொன்னார். கட்டாயமில்லையாம், விரும்பினால் போட்டுக்கொள்ளலாமாம்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ நானும் போட்டுக்கலாமா?"

"தாராளமா போடுங்கக்கா."

ஒரு அட்டையை எடுத்தார். வெகுநேரம் யோசித்து, 'பி' என்று எழுதினார்.

"ஏன்க்கா 'பி'?"

"கிரைண்டர் கரண்ட்டுலதானே ஓடுது? கை கூசாம 'ஏ'ன்னு போட முடியுமா?"

அடுத்து வந்த இருவர் அட்டையைப் படித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

நான் ஒரு கிலோ 'பி' வாங்கி வந்தேன். இட்லி நன்றாகவே வந்தது.

உங்கள் வீட்டு மாவு எந்த ரகம்? மதிப்பெண்ணை நீங்களே போட்டுக்கொண்டு சொல்லுங்கள். நம்பிவிடுகிறோம்.