பேய்ப் படத்துக்கு இரண்டு புள்ளி

பிள்ளைகளே, பெரியவர்களும் சில நேரம் களவாக ஒரு வேலை செய்வார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்.

மஹய்யாவையில் எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் சோறு சாப்பிட்டதும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போடுவோம். பேய்ப் படம், கொலைகாரனைத் தேடும் படம், இப்படி நான் சின்ன வயதில் கண்டி தியேட்டரில் நடுங்கி நடுங்கிப் பார்த்த படங்கள்தான். முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும்.

அன்று எனக்கு மிகவும் பிடித்த பேய்ப் படம். பேய் வந்ததும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்பா, பேய கயிறு கட்டி இழுக்குறாங்க! அந்தா, கயிறு தெரியுது!”

“வாய மூடிக்கிட்டுப் பாரு. ஒனக்கென்ன தெரியும்?”

அவள் இரண்டு புள்ளி போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் விளையாடப் போனதும் அதை றப்பரால் அழித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு, படம் தொடங்கும் முன்பே அவள் கொப்பியை எடுத்துப் பத்து போட்டாள்.

“படத்தப் பாக்காம என்னடி புள்ளி?”

“நீங்க எப்படியும் மாத்திடுவீங்கதானே அப்பா. அதான் நானே போட்டுட்டேன். வெளையாடப் போகவா?”

கோபம் கோபமாக வந்தது, என் மேல்தான். எட்டை அழித்து, பழையபடி இரண்டு என்று எழுதிக் காட்டினேன்.

“சரிப்பா” என்றாள்.

இப்போதும் புள்ளி போடுகிறாள். ஏழு போட்டால், அது படத்துக்கா, என் முகத்துக்கா என்றுதான் எனக்குத் தெரிவதில்லை.