தலைகுப்புற விழும் ஆடுகள்

நான் நர்ஸாக இருக்கும் யார்க்‌ஷயர் குழந்தைகள் மருத்துவமனையில் கிளிஃப் ஹாலம் இருபத்திரண்டு வருடமாக ஸ்ட்ரெச்சர் வண்டி தள்ளுகிறார். ஆபரேஷனுக்குப் போகும் பிள்ளைகள் அவர் கையால்தான் போவார்கள். சுவரெல்லாம் நவீன ஓவியம் மாட்டியிருக்கிறோம், பெரியவர்கள் கண் உயரத்துக்கு. படுத்துப் போகிற பிள்ளைக்கு டியூப் லைட் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது.

ஏழு வயது எல்ஸி, போன தடவை ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் தாழ்வாரத்தில் அழுது வாந்தியெடுத்து, ஆபரேஷன் நடக்காமலே திரும்பியவள். இனித் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். "அடுத்த வாட்டி மேல படம் இருக்கும் கண்ணு," என்று கிளிஃப் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒருவழியாக அந்தத் தாழ்வாரத்துக் கூரைக்கு ஓவியம் வந்தது. பலூனில் ஏறிப் பறக்கும் நெட்டைக்கால் ஆடுகள். அதை முடிவுசெய்ய மருத்துவமனையின் கலைக்குழு ஏழு முறை கூடியது. கிருமிநாசினி போட்டுத் துடைக்கலாமா என்பதற்கே மூன்று கூட்டம். கிளிஃபை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

திறப்பு விழா முடிந்ததும் அவரே வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டார். விதிப்படி கால் முன்னே போக, நான் தலைமாட்டில் நின்று தள்ளினேன்.

"நிறுத்தும்மா. ஆடெல்லாம் தலைகுப்புற விழுது."

குழுவினர் தியேட்டர் பக்கமிருந்து நடந்து வந்து, அண்ணாந்து பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வருகிறவர்களுக்குத்தான் படம் நேராகத் தெரியும். அப்போது பிள்ளைகள் மயக்கத்தில் இருப்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் நீரே வந்துவிட்டது.

கலைப்பிரிவு அதிகாரி பிலிப்பா அசரவில்லை. "ஓவியர் சம்மதம் இல்லாம தொட முடியாது கிளிஃப். நவம்பர் கூட்டத்துல வைக்கிறேன்."

"எல்ஸிக்கு இந்த வியாழக்கிழமை ஆபரேஷன்."

"நவீன ஓவியம்தானே. தலைகீழா பார்த்தாலும் ஒரு அர்த்தம் இருக்கும்."

"அந்த அர்த்தத்தை நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க."

வியாழக்கிழமை, தாழ்வார வாசலில் கிளிஃப் வண்டியை நிறுத்தினார். அதை அப்படியே திருப்பினார். எல்ஸியின் தலை முன்னே, கிளிஃப் கால்மாட்டில். இதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், வரவும் செய்தது. நான் பக்கத்தில் நடந்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, தள்ளிக்கொண்டே ஒரு பிள்ளையின் முகத்தை அவர் நேருக்கு நேர் பார்த்தார். அவளும் அவரையே பார்த்தாள். அழவில்லை.

"மேல பாரு கண்ணு," என்றார் கிளிஃப். "அதுக்குத்தான் இத்தனை சண்டை போட்டேன்."

"அப்புறம் பார்க்கிறேன்," என்றாள் எல்ஸி, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.