ரப்பர் வாசனை

கள்ளக்குறிச்சியில் பாகம் பாகமாக வாங்கி நானே ரோடு சைக்கிள் ஒன்றைப் பொருத்தினேன். கல்வராயன் மலையின் குழிகளுக்கு அகலமான டயர் வேண்டும் என்பது என் பிடிவாதம். ஃபிரேமில் இடம் இல்லாததால் ஓர் அளவு சிறிய சக்கரம் மாட்டினேன். உடனே பிரேக் கட்டை ரிம்முக்கு எட்டவில்லை. கட்டையை முடிந்தவரை கீழே இறக்கி முடுக்கினேன். பாதி ரிம்மில் பட்டது, பாதி டயரில் உரசியது. கச்சிராயபாளையம் வரை ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் பிரேக் பிடிக்க வேலையே இல்லை. இது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு என் மனைவியின் தம்பி பாஸ்கருடன் மலை ஏறினேன். இறங்கும்போது அவன் ஆசைப்பட்டதால் சைக்கிளை மாற்றிக்கொண்டோம். இரண்டு வளைவு தாண்டியதும் முன்னால் போனவன் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, ரப்பர் தீயிற வாசன வருதுங்க. நிறுத்தி இன்னான்னு பாக்கலாமா?"

"புது டயருடா, அப்படித்தான் வரும். போய்க்கினே இரு."

அடுத்த வளைவில் முன் டயர் வெடித்தது. பாஸ்கர் பாறையில் மோதி விழுந்தான். பிரேக் கட்டை டயரின் பக்கவாட்டைக் கத்தி வைத்ததுபோல அறுத்திருந்தது.

இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவனுடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. விசாரிப்பவர்களிடம், "நான்தான் குழியில வுட்டுட்டேன்" என்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் மறுத்ததில்லை.

இப்போது பிரேக் கட்டை டயரில் ஒரு நூல் அளவு பட்டாலும் சக்கரத்தைக் கழற்றிவிடுகிறேன். கூட வருபவர் வாசனை என்றால் அங்கேயே நிற்கிறேன். அறுந்த டயரை மட்டும் இன்னும் அவனிடம் காட்டவில்லை.

இதை நான் எழுதும் இந்தப் பத்திரிகை அவன் வீட்டுக்கும் வருகிறது.