பத்து நிமிட மெஷினும் பச்சை டேப்பும்

ஐலா கெட்டுனென் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும், அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் காலுமெட் ஊரில் அவளுக்கு ஓய்வில்லை. யார் வீட்டு எஞ்சின் இருமினாலும் அவள் கொட்டகைக்குத்தான் வரும். கூலி வாங்க மாட்டாள். திட்டும் இலவசம். ஹாக்கி மட்டையில் சுற்றுகிற பச்சை டேப்தான் அவளுக்குச் சர்வரோக நிவாரணி. மண்வாரியின் பிடி, வாளி, மூக்குக் கண்ணாடியின் கால், எல்லாவற்றிலும் அது இருக்கும்.

நவம்பரில் நான், வாசல் பனியை வாரி எறிகிற ஸ்னோ புளோயர் மெஷின் ஒன்று வாங்கினேன், மூன்று கை மாறியது. புது நீலப் பெயின்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. விற்றவர் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்; நன்றாகவே உறுமியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால், பத்தாவது நிமிடம் திக்கித் திணறிப் படுத்துவிட்டது. ஐலாவிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"டேல், உன் தலையில நல்லாக் கட்டியிருக்கான்! இதை முதல்ல வித்த திருட்டுப் பய யாருன்னு தெரியட்டும், இருக்கு அவனுக்கு" என்றாள்.

"உன்னால முடியலைன்னா சொல்லிடு தாயே. கௌரவம் பார்க்காதே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"யாரால முடியலை? சனிக்கிழமை சானா சூடாகிறதுக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா, குளிர்காலம் பூரா உன் வாசல் பனியை நான் கையால வாரிக் கொட்டுறேன். கண்டுபிடிச்சிட்டா என் சானாவுக்கு நீதான் விறகு பிளக்கணும்."

சானா என்பது விறகடுப்பு மூட்டி வியர்க்க வியர்க்க உட்காரும் நீராவிக் குளியல் அறை; சனிக்கிழமைதோறும் அவள் வீட்டில் உண்டு. பனி ஜன்னலை மூடுகிற ஊரில் இது விளையாட்டுப் பந்தயம் இல்லை. அவளுக்கோ வயது அறுபத்து மூன்று.

புதன்கிழமை பிளக்கை மாற்றினாள். வியாழன் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். வெள்ளி பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஓடி நின்றது. டாங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள், பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடும்.

"எல்லாம்தான் இருக்கே, அப்புறம் என்ன கேடு உனக்கு?" என்று மெஷினைத் திட்டினாள். அதோடு முதலில் விற்றவனையும், அவன் பரம்பரையையும் சேர்த்து.

சனிக்கிழமை மதியம் அவள் சானா அடுப்பை நானே மூட்டினேன். புகைபோக்கியில் புகை எழுந்ததைப் பார்த்ததும் ஐலா காதை மூடியிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி வீசினாள். மெஷின் அப்போதுதான் நின்றிருந்தது. ஆத்திரத்தோடு மூடியைத் திருகினாள். 'உஸ்' என்றது.

அப்படியே நின்றாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூடியை நகத்தால் சுரண்டினாள்.

"மூடியில காத்து போக ஓட்டை இருக்கும். அது அடைச்சிருக்கு. காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படி இறங்கும்? நான் திறந்து பார்த்தப்பல்லாம் காத்து போயிருக்கு, அதான் மறுபடி ஓடியிருக்கு."

மெஷின் அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. நான் தோற்றுவிட்டேன். ஆனால் சானாவில் அவள் ஜெயித்தவள் மாதிரியே இல்லை. ஒரு கிண்டல்கூட வரவில்லை, எனக்கே கவலையாகிவிட்டது.

ஞாயிறு காலை, கோடரியோடு கதவைத் திறந்தால், என் வாசலில் ஐலா முழங்கால் பனியில் நின்று வாரிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது? நீதானே ஜெயிச்சே?"

கையுறைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். விரல் நக அளவு டேப். மேலே நீலப் பெயின்ட். திருப்பிப் பார்த்தேன்: பச்சை.

"என்கிட்ட இருந்தப்போ அது செவப்பு மெஷின். மழைத்தண்ணி இறங்கக் கூடாதேன்னு மூடி ஓட்டை மேல ஒட்டினேன். மறந்துபோய் அப்படியே வித்துட்டேன்" என்றாள். "நாலு நாளா நான் திட்டின திருட்டுப் பய நான்தான் டேல்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் மண்வாரியை என் பக்கம் ஓங்கினாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று அவள் என் வாசலை வாரி முடித்தாள். நான் அவள் விறகைப் பிளந்து முடித்தேன். மெஷின் கொட்டகையில் சும்மா நின்றது.