ஏழு நிமிடக் கரை

"இந்தக் கரையைக் கொஞ்சம் மெல்லிசாப் போட முடியாதா, தாயீ?" என்றுதான் லாக்லன் ஸ்மீட்டன் முதலில் கேட்டார்.

எடின்பரோவில் குலச்சின்னங்களைப் பதியும் அலுவலகத்தில் வண்ணம் தீட்டுபவள் ஐலி. அவள் மேசைமேல் அவருக்கான கேடயத்தின் படம் கிடந்தது. நீலத்தில் மூன்று வெள்ளி மீன்கள். சுற்றிலும் தங்கக் கரை.

"இதைவிடக் குறைக்க முடியாதுங்க ஐயா. தூரத்துல இருந்து பார்த்தாலும் தெரியணும்."

"தெரியக் கூடாதுன்னுதானே கேக்கறேன்!"

"அப்பாவோட சின்னத்தை அப்படியே வெச்சுக்கிற உரிமை மூத்தவருக்கு மட்டும்தான். இளையவர்னா கரை போட்டாகணும். சட்டம் அப்படி."

"மூத்தவனாம் மூத்தவன்! வெறும் ஏழு நிமிஷம். கெட்டில்ல தண்ணி கொதிக்கிற நேரம். பொறக்கும்போதே என்னை இடிச்சுத் தள்ளிட்டு வந்தவன் அவன்."

ஐலி தூரிகையைக் கழுவினாள்.

"நூல் மாதிரி ஒரு கோடு போடேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். அதற்கு மேல் பேச அவளுக்கு வராது.

லாக்லன் பிட்டன்வீம் என்ற கடலோர ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். கப்பல் தலைவராக இருந்த அப்பாவின் சின்னத்தை மாற்றம் எதுவும் செய்யாமல் பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்டியிருந்தார். கழற்றச் சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. எதிர்ச்சாரியில் கயிறும் வலையும் விற்கும் இரட்டைப் பிறவி அண்ணன் யூவன்தான் புகார் எழுதிப் போட்டான் என்பது அவர் முடிவு. யாரோ சுற்றுலா வந்தவர் சொன்னது என்று ஐலி எடுத்துச் சொல்லியும் அவர் நம்பவில்லை. அப்பா வீடு யூவனுக்குப் போனது; அவர் கடை நடப்பதும் அதில்தான். அதன் வாசல் நிலைக்கு மேல் அதே மூன்று மீன்கள், கரை இல்லாமல், கல்லில் இருந்தன. இந்த அறுபத்தோரு வயதிலும் தினமும் கடையைத் திறந்ததும் லாக்லன் பார்ப்பது அதைத்தான்.

படம் எழுதி முடிவதற்குள் அவர் மூன்று முறை வந்தார். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் இறைச்சி அடைத்துச் சுட்ட பிரைடியும் ஒரு பழைய குறையும் கொண்டுவந்தார். சன்னலோரக் கட்டில் யூவனுக்கு. அப்பாவின் கைக்கடிகாரம் யூவனுக்கு. யூவன் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் செய்து கொடுத்தவர் லாக்லன்தான். அடுத்த வருடம் தன் கல்யாணத்துக்கு நான்கடுக்கு செய்தார்.

"நாலாவது அடுக்கு சாஞ்சு போச்சு. அவன் சிரிச்சான். இன்னும் காதுல கேக்குது" என்றார்.

கரையின் அகலத்தை ஐலி குறைக்கவில்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கரையோடு எழுதிய புதுப் பலகையை வாங்கிப் போனார்.

ஏழெட்டு மாதம் கழித்து அதே முகம் வாசலில் வந்து நின்றது. ஆனால் தொப்பி வேறு, பேச்சு மெல்ல. யூவன்.

"என் தம்பிக்கு நீதான் எழுதினியாம்மா? வெயில் பட்டா அந்தத் தங்கம் தெருவையே தூக்கிக் காட்டுது. வர்றவன் போறவன் எல்லாம் அவன் கடை முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறான். என்னோடது ஓரம் தைக்காத துணி மாதிரி இருக்கு. எனக்கும் ஒரு கரை போட்டுக் குடேன்."

"நீங்க மூத்தவருங்க. உங்களுக்குக் கரை கிடையாது."

"எல்லாத்துலயும் அவனுக்குத்தான் அதிர்ஷ்டம்" என்றார் யூவன். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் உப்புக்காற்று பட்டு லாக்லனின் பலகை ஒரு மூலையில் உரிந்தது. சீர்செய்யத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்ததுமே கடிகாரக் கதையை மறுபடி தொடங்கினார். ஐலிக்கு அடுத்தவர் பேச்சைக் கடத்திப் பழக்கமில்லை. ஆனாலும் அன்று வாய் தவறிவிட்டது.

"உங்க அண்ணன் இங்க வந்திருந்தாரு. தனக்கும் இதே மாதிரி கரை வேணும்னு கேட்டாரு. கிடையாதுன்னு அனுப்பிட்டோம்."

லாக்லன் கையிலிருந்த பிரைடியைக் கீழே வைத்தார்.

"யூவனா?"

"ஆமாங்க."

"கரை வேணும்னானா? வாயைத் தொறந்தே கேட்டானா?"

"கேட்டாரு."

"நீங்க இல்லேன்னுட்டீங்க."

"சட்டம்ங்க ஐயா."

"ரொம்ப நல்ல சட்டம்" என்றார். பலகையைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார். ஒரு கண்ணைச் சுருக்கி, தெருவின் அகலத்தை மனதுக்குள் அளப்பவர்போல் பின்னால் நகர்ந்து நகர்ந்து, கதவில் முதுகு இடிக்கும்வரை போனார்.

"தாயீ, மூலையை மட்டும் தொட்டு நிறுத்திடாதே. சுத்தி முழுசும் தீட்டிடு. அப்படியே இந்தக் கரையை இன்னும் ஒரு விரக்கடை அகலமாப் போட்டுக் குடு. அவனுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல."